முன் டயருக்கு என்ன வயது?

பதிவு கொஞ்சம் நீளம். முழுக்கப் படிக்க நேரம் இல்லாதவர்கள் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். வீட்டு வாசலில் நிற்கிற பழைய மோட்டார் சைக்கிளின் முன் டயர் பக்கத்தில் உட்காருங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1424 என்று இருந்தால் 2024ஆம் வருடம் பதினான்காவது வாரத்தில் செய்த டயர். மூன்றே இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர். அப்படி இருந்தால் இன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மாற்றுங்கள், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2024 மழைக்காலத்தின் ஆரம்பத்தில் என் தங்கை பையன் பழவந்தாங்கல் சப்வே பக்கம் விழுந்தான். வேகம் ஒன்றும் இல்லை, முப்பதுகூட இருக்காது. முன்னால் போன ஆட்டோ நின்றது, இவன் பிரேக் பிடித்தான், முன் சக்கரம் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தமாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் பஸ் எதுவும் வரவில்லை. ஆஞ்சநேயர் காப்பாற்றினார் என்று தங்கை வடைமாலை சாத்தினாள். சரிதான். ஆனால் அந்த டயரைப் பார்த்தபோது எனக்கு வந்தது பக்தி இல்லை, கோபம்.

அது அவன் தாத்தாவின் ஸ்பிளெண்டர். காலேஜ் சேர்ந்ததும் பேரனுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது பெயின்ட் அடித்தார்கள், சீட் கவர் மாற்றினார்கள், டேங்கில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பின் டயர் அதற்கு முன்பே இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. முன் டயரில் இருந்த எண் 2313. பதினோரு வயது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "பட்டன் அப்படியே இருக்கே மச்சான், எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டோம்" என்றார். அவர் சொன்னது உண்மை. பட்டன் நன்றாகவே இருந்தது. பழைய வண்டிகளில் ஆளைத் தள்ளிவிடுவது இந்த மாதிரி டயர்தான் என்பது என் கட்சி. வழுவழுவென்று தேய்ந்த டயரைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம் வரும், மாற்றிவிடுவார்கள். பட்டன் இருந்தும் உயிர் போன டயரைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பென்சில் டப்பாவில் கோடை விடுமுறை முழுக்கக் கிடந்த அழிரப்பர், ஜூன் மாதம் எடுத்துத் தேய்த்தால் அழிக்காது. நோட்டைக் கறுப்பாக்கும், இல்லை கிழிக்கும். தேய்ந்திருக்காது, புதுசு மாதிரியே இருக்கும், இறுகிப் போயிருக்கும். டயருக்கும் அதே கதைதான். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் இழைகள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது அதுதான். அதனால்தான் டயர் வெயிலில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கிறது. வருடம் போகப் போக, காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் வெயிலின் சூடும் சேர்ந்து அந்தக் கட்டுகளை மேலும் மேலும் இறுக்குகின்றன. ஓசோன் மேல்தோலில் மயிரிழை வெடிப்பு உண்டாக்குகிறது. மெத்தென்று சாலையின் சொரசொரப்பில் படிய வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் மாதிரி மேலே உட்கார்ந்துகொண்டு போகிறது. காய்ந்த சாலையில் வித்தியாசம் தெரியாது. முதல் மழையில், எண்ணெயும் புழுதியும் குழம்பிக் கிடக்கும்போது, அல்லது மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகட்டின் மேல் ஏறும்போது தெரியும்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியின் டயர் சீக்கிரம் வெடிக்கும். ஓசோனைத் தடுக்க ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் சுற்றி வளைந்து கொடுக்கும்போதுதான் அது மேல்பரப்புக்கு நன்றாக வந்து படியும். சும்மா நின்றால் அந்த அளவுக்கு வராது. எங்கள் நங்கநல்லூரில் தெருவுக்கு நாலு வீட்டில் இந்தக் காட்சி உண்டு. பிள்ளைகள் அமெரிக்காவில், அப்பாவின் வண்டி போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. டிசம்பரில் பிள்ளை வருவான், பேட்டரி மாற்றுவான், பெட்ரோல் ஊற்றுவான், காற்றடிப்பான், பழைய ஞாபகத்தில் வேளச்சேரி வரைக்கும் ஒரு ரவுண்டு போவான். வெளிநாட்டில் இருக்கிற என் மாணவர்களே, இது உங்களுக்குத்தான். அப்பாவின் வண்டியை எடுக்கும் முன் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். மிஷலின் போன்ற தயாரிப்பாளர்கள், ஐந்து வருடம் ஓடிய டயரை வருடா வருடம் தெரிந்தவர் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு என் கணக்கு ஆறு வருடம்தான். சட்டம் கேட்பது இரு சக்கர வண்டிக்குப் பட்டனில் 0.8 மில்லிமீட்டர் ஆழம். அது பாஸ் மார்க். பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

சரி, மாற்றப் போகிறோம். எந்த டயர்?

இங்கேதான் இளவட்டங்களோடு எனக்குச் சண்டை. "சார், அகலமா போட்டா கிரிப் நல்லா இருக்கும், வண்டியும் கெத்தா இருக்கும்" என்று ஒரு பழைய மாணவன் போன மாதம் போனில் சொன்னான். அவனிடம் இருப்பது 97 சிசி வண்டி. போட ஆசைப்பட்டது 100/90-18. ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு அங்குலம்–சென்டிமீட்டர் நடத்தியது நான்தான், ஆகையால் மறுபடியும் நடத்தினேன்.

பழைய ஸ்பிளெண்டரின் அளவு 2.75-18. அதாவது டயரின் அகலம் 2.75 அங்குலம், ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். அது உட்காரும் ரிம்மின் குறுக்களவு 18 அங்குலம். இந்த அங்குலக் கணக்கு டயர்களில் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. மில்லிமீட்டர் கணக்கில் எழுதினால் 100/90-18 என்பது 100 மில்லிமீட்டர் அகலம், அதில் 90 சதவீதம் உயரம். இப்போது ரிம்மைப் பாருங்கள். என் வண்டியின் ரிம்மில் 1.60 x 18 என்று பொறித்திருக்கிறது. 1.60 அங்குலம் என்றால் நாலே சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் டயரை நாலு சென்டிமீட்டர் ரிம்மில் திணித்தால் என்ன ஆகும்? இரண்டு கரையும் கிள்ளிப் பிடித்தமாதிரி உள்ளே இழுக்கும், நடு முதுகு கூம்பும். பார்க்கக் குண்டாக இருக்கும், சாலையில் படிவது நடுவில் ஒரு குறுகிய பட்டைதான். கிரிப்புக்காகக் காசு கொடுத்து, கிரிப்பைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். வளைவில் வண்டி தள்ளாடும். கூட்டல் கணக்குப் போட்டால் மொத்தக் குறுக்களவு 597 மில்லிமீட்டரிலிருந்து 637 ஆகிறது. மட்கார்டில் உரசும், செயின் பக்கம் இடம் இருக்காது. மைலேஜ் போகும். கெத்து மட்டும் மிஞ்சும்.

ஒரு படி ஏறுவதில் தப்பில்லை. இப்போது வருகிற ஸ்பிளெண்டரில் கம்பெனியே 80/100-18 போடுகிறது. பழைய வண்டியிலும் அது பல பேர் போட்டு ஓட்டுகிறார்கள். உங்கள் ரிம் அகலத்துக்கு அந்த டயர் பொருந்தும் என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் இருந்தால், மாட்டிய பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் தாராளமாகப் போய் வந்தால், போடுங்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், 1997இல் வாங்கிய என் வண்டிக்கு முன்னும் பின்னும் அதே 2.75-18தான். வண்டியைச் செய்தவன் அந்த எடைக்கும் அந்த எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை எழுதினான்.

அளவு ஒன்றாக இருந்தால் டயரும் ஒன்றா? இல்லை. அளவுக்கு அடுத்தாற்போல் 42P, 48P என்று எழுதியிருக்கும், அதை ஒருவரும் படிப்பதில்லை. 42 என்றால் அந்த டயர் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. P என்பது வேகம், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. நம் வண்டி அந்த வேகத்தைக் கனவில்கூடப் பார்க்காது, அதை விடுங்கள். எடையைப் பாருங்கள். வண்டி சுமார் 110 கிலோ, ஓட்டுகிறவர் 70, பின்னால் அம்மா 65, நடுவில் ரேஷன் அரிசி ஒரு 25. மொத்தம் 270. பின்னால் உட்காருகிறவரின் எடை கிட்டத்தட்ட முழுசாகப் பின் சக்கரத்துக்குத்தான் போகும், ஆகவே மொத்தத்தில் அறுபது சதவீதம் பின்னால் என்று வைத்துக்கொண்டால் 162 கிலோ. 48 எண் டயர் இதைத் தாங்கும். 42 தாங்காது. கடையில் பின் டயர் ஸ்டாக் இல்லை என்று "ரெண்டும் ஒரே சைஸ்தான் சார்" என்று முன் டயரைப் பின்னால் மாட்டிவிடுகிற ஆட்கள் உண்டு. எனக்கே ஒரு கடையில் இதைச் செய்யப் பார்த்தார்கள். கழற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

முன் டயரில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடும் வகை ஒன்று உண்டு, பழைய வண்டிக்கு அதுதான் என் தேர்வு. நேராகப் போகும், தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். பின் டயருக்குக் கட்டம் கட்டமான பட்டன். சேற்றுக்கும் மலைக்கும் செய்த பெரிய பெரிய பட்டன் டயரைச் சிலர் அழகுக்காக ஊருக்குள் போடுகிறார்கள். ஈரத் தார்ச்சாலையில் படிகிற ரப்பர் அதில் குறைவு. டயரின் பக்கவாட்டில் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், மாட்டுகிற தம்பி அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவான், கூடவே நில்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், இங்கே விற்கிற டயருக்கு அது கட்டாயம்.

எந்தக் கம்பெனி என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, நான் கடைசியில் வைக்கும் கேள்வி. எம்.ஆர்.எஃப்., டி.வி.எஸ்., சியட் எதுவானாலும் சரி. சரியான அளவில், சரியான எடை எண்ணில், புதிய தேதியில் கிடைப்பதுதான் நல்ல டயர். தேதி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய வண்டிக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. ஓடுகிற அளவுகள் கடையில் மாதா மாதம் புதிதாக வந்து இறங்கும். யமஹா ஆர்எக்ஸ் 100இன் முன் டயர் 2.50-18 மாதிரி அளவைக் கேட்டால், பரணில் ஏறி, புழுதி தட்டி, மூன்று வருடத்துக்கு முந்தையதை எடுத்து நீட்டுவார்கள். அந்த வண்டி தயாரிப்பு நின்றது 1996இல், கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல நமக்குத்தான் வாய் வேண்டும். ஒரு வருடத்துக்குள் செய்ததைக் கேளுங்கள், ஒரு வாரம் காத்திருந்தால் வரவழைத்துத் தருவார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். புதுப்பேட்டையில் பழைய டயர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வண்டிக்கு மட்கார்டு, லைட்டு, கைப்பிடி எல்லாம் புதுப்பேட்டையில் வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். டயர் மட்டும் வேண்டாம். தேய்ந்த டயரில் கத்தியால் கோடு வெட்டி ஆழம் காட்டி, கறுப்பு மை பூசி வைத்திருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

புல்லட் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் வருகிறேன். நம் சென்னைக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது. புல்லட் இந்தியாவில் உருவாகத் தொடங்கியது திருவொற்றியூரில். அதே திருவொற்றியூரில்தான் 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்கிற ஒரு கொட்டகையைத் தொடங்கினார், அதுதான் பின்னால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, எம்.ஆர்.எஃப். வண்டியும் டயரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். பழைய புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19. புதிய கணக்கில் இதற்கு மிக நெருங்கியது 90/90-19. கணக்குப் போட்டுப் பாருங்கள், முதலாவது 648 மில்லிமீட்டர், இரண்டாவது 645. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் பின்னால் வந்த கிளாசிக்கின் 110/90-18ஐப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது 18 அங்குல ரிம்முக்குச் செய்தது. 19இல் ஏறாது, ஏற்றவும் கூடாது. அகலத்தில் ஒரு படி முன்னே பின்னே பேசலாம், ரிம்மின் குறுக்களவில் பேச்சுக்கே இடமில்லை.

டியூப் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். புது டயருக்குப் புது டியூப், அந்த அளவுக்குரிய டியூப். நீண்டு தளர்ந்த பழைய டியூப் உள்ளே மடிந்து, மடிப்பில் அறுந்துவிடும். ஸ்போக் முனைகள் டியூபைக் குத்தாமல் காக்கிற ரிம் டேப்பையும் மாற்றச் சொல்லுங்கள், அது அற்பக் காசு. "டியூப்லெஸ் போட்டுக்கிறேன், பஞ்சர் தொல்லை இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு: ஸ்போக் சக்கரத்தில் ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது, காற்று எப்படி நிற்கும்? டியூப்லெஸ் டயர் வாங்கி உள்ளே டியூப் போட்டால், பஞ்சர் ஆவது டியூப்தான். கூடுதல் காசுக்குப் பலன் பூஜ்யம்.

காசு பற்றி ஒரு வார்த்தை. எனக்கு இரண்டு டயர், இரண்டு டியூப், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. "இருபத்தைந்தாயிரத்துக்குக்கூடப் போகாத வண்டிக்கு நாலாயிரமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நங்கநல்லூரில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். வண்டியின் விலைக்கும் டயரின் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு லட்ச ரூபாய் வண்டியில் போகிற பிள்ளையின் காறை எலும்பும் தாத்தா வண்டியில் போகிற பிள்ளையின் காறை எலும்பும் ஒரே கெட்டிதான். அதிலும், புது வண்டியில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஏதேதோ ஏற்பாடு வந்துவிட்டது. பழைய டிரம் பிரேக்கில் அதெல்லாம் கிடையாது. பிரேக் பிடித்ததும் எடை முழுக்க முன்னால் சாய்கிறது, அந்த நேரத்தில் நம்மிடம் இருப்பது முன் டயரில் உள்ளங்கை அளவு ரப்பர்தான். கையில் ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால், பட்டன் எப்படி இருந்தாலும், வயதான முன் டயரை முதலில் மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் கிடையாது. பின் டயர் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் இந்தச் சலுகை இல்லை, இரண்டையும் மாற்றும்வரை பஸ்ஸில் போங்கள்.

புது டயர் போட்டதும் நேராக மழையில் இறங்காதீர்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு மேலே இருக்கும், அது போக நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் டயருக்குப் பளபளப்பு மருந்து அடிக்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்றழுத்தம் செயின் கவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். தனியாகப் போக ஒன்று, இருவர் போக ஒன்று. பெயின்ட் அடிக்கும்போது அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிடாதீர்கள்.

தங்கை பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அவன் வண்டிக்கு டயர் வாங்க நானும் போனேன். கடையில் அவனே குனிந்து எண்ணைப் படித்து, "மாமா, இது போன வருஷத்து நாப்பதாவது வாரம்" என்றான்.

சந்தேகம் இருப்பவர்கள் டயரின் பக்கவாட்டு எழுத்தையும் ரிம்மில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துச் சொல்கிறேன். இருட்டில் எடுத்த படம் அனுப்ப வேண்டாம். வண்டியின் பெயரும் எந்த வருடத்து வண்டி என்பதும் கூடவே எழுதுங்கள்.